நான் போட்டுக் கழற்றிய மாஸ்க்

பேஸ்பால் ஆட்டத்தில் பிளேட்டுக்குப் பின்னால் நிற்கிற அம்பயருக்கு ஐந்து இடத்தில் அடி விழும். முகம், தொண்டை, நெஞ்சு, முழங்கால், கால் விரல். திருச்சியில் நடந்த பத்து நாள் பயிற்சி முகாமில் முதல் நாள் சொல்லிக்கொடுத்தது இதைத்தான். ஆறாவதாக ஓர் இடம் இருக்கிறது என்பதைப் பெரம்பலூருக்குப் போன பிறகுதான் தெரிந்துகொண்டேன். அதற்கு யாரும் கவசம் செய்து விற்பதில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி. அரியலூரில் கன்னியர் நடத்திய ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் நான் டிரில் டீச்சர். வயது இருபத்துமூன்று. அந்த ஆட்டம் எங்கள் பக்கத்துக்கு அப்போதுதான் வந்திருந்தது. திருச்சி ஜில்லா முழுக்கத் தேடினாலும் அதன் விதி தெரிந்தவர் இருபது பேர் தேற மாட்டார்கள். முகாமுக்கு ஆள் அனுப்பச் சொல்லிக் கடிதம் வந்தபோது என்னை அனுப்பினார்கள். வேறு யாரும் போக விரும்பவில்லை என்பதுதான் காரணம். திறமை என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக ஒரு வரி. ஒருவன் பந்தை எறிவான், ஒருவன் மட்டையோடு நிற்பான், மட்டைக்காரனுக்குப் பின்னால் கேட்சர் குந்தியிருப்பான், கேட்சருக்குப் பின்னால் குனிந்தபடி அம்பயர் நிற்பார். தரையில் பதித்த வெள்ளைப் பிளேட்டுக்கு மேலே, மட்டைக்காரனின் முழங்காலுக்கும் மார்புக்கும் நடுவில் பந்து வந்தால் ஸ்டிரைக். வராவிட்டால் பால். மூன்று ஸ்டிரைக் விழுந்தால் அவன் அவுட். அதை அம்பயர்தான் சொல்ல வேண்டும். சொன்னால் சொன்னதுதான். எதிர்த்துக் கேட்கக் கூடாது.

இந்தக் கடைசி விதிதான் என்னைப் பிடித்துக்கொண்டது. என் அப்பா திருமானூர்ப் பக்கத்தில் கரும்பு வெட்டினார். அதற்கு முன்னால் ஒரு பண்ணையில் ஆளாக இருந்தார். அவர் தன் வாழ்நாளில் ஒருவரைப் பார்த்தும் "இது தப்பு" என்று சொல்லி நான் கேட்டதில்லை. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு "ஆகட்டுங்க" என்பார். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டே எங்கள் நான்கு பேரை வளர்த்துவிட்டார். நான் கத்த வேண்டும் என்று நினைத்தேன். "அவுட்" என்று கத்தினால் ஊர்ப்பெரிய மனிதன் மகனாக இருந்தாலும் மட்டையைக் கீழே போட்டுவிட்டு நடக்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அதுதான். பதக்கம், சம்பளம் எதுவும் இல்லை.

எழுத்துத் தேர்வில் தேறிவிட்டேன். சான்றிதழ் தருவதற்கு முன்னால் ஒரு முழு ஆட்டத்துக்குப் பிளேட்டுக்குப் பின்னால் நிற்க வேண்டும், திருச்சியிலிருந்து ஒரு தேர்வாளர் வந்து பார்ப்பார் என்றார்கள். ஆட்டம் பெரம்பலூரில், ஆண்கள் பள்ளிக்கூட மைதானத்தில். அந்தப் பள்ளிக்கூடத்து உடற்கல்வி ஆசிரியருக்கு ஒரு கடிதமும் போயிற்று: இந்த அம்பயருக்குப் பொருந்துகிற பாதுகாப்புச் சாமான்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கவும். அவரை எல்லோரும் பெரிய சார் என்பார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். பெயர் சொல்லி அவருக்கு மரியாதை செய்ய எனக்கு விருப்பமில்லை.

ஒரு சனிக்கிழமை பஸ் ஏறிப் போனேன். விளையாட்டுச் சாமான் அறையில் பெரிய சார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருக்கு உதவியாளராக இருந்த சின்ன சார். சின்ன சாரை எனக்குத் தெரியும். அவரும் திருச்சி முகாமுக்கு வந்திருந்தார். நல்ல மனிதர். அங்கே இருவரும் சேர்ந்துதான் கத்திப் பழகினோம். வெயிலில் என் வாட்டர் பாட்டிலைப் பிடுங்கி வாய் வைத்துக் குடித்திருக்கிறார். "டீச்சர், உங்க குரலுக்கு மைக்கே வேணாம்" என்பார். முகாமில் யாரும் யாருடைய தெருவையும் கேட்கவில்லை.

பெரிய சார் கேட்டார்.

"வாம்மா. நீதான் அந்த அரியலூர் அம்பயரா?"

"ஆமாங்க சார்."

"சொந்த ஊரே அரியலூரா?"

"திருமானூர்ப் பக்கம் சார்."

"திருமானூர்ல எங்க? நம்ம சொந்தக்காரங்க அங்க நெறைய பேரு இருக்காங்க. ஊருக்குள்ளயா?"

"இல்ல சார். காலனி."

"ஓ" என்றார். "சரி சரி" என்றார். மடியில் ஒரு மாஸ்க்கை வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தவர் அதைக் கீழே இருந்த தகரப் பெட்டியில் போட்டார். பிறகு பெட்டியைக் காலால் என் பக்கம் தள்ளினார். "எல்லாம் இதுல இருக்கு. நீயே எடுத்துப் பாத்துக்க."

சின்ன சார் ஜன்னல் பக்கம் பார்த்தார். அவ்வளவுதான். அந்தப் பத்து நாள் முகாம் அதோடு முடிந்துபோயிற்று.

பெட்டியில் மூன்று மாஸ்க் இருந்தன, ஒரு செஸ்ட் பேட், ஒரு ஜோடி கால் பேட். செஸ்ட் பேட்டைத் தூக்கி மாட்டினேன். ஆறடி ஆளுக்குத் தைத்தது. தோளில் நிற்கவில்லை. கீழ்நுனி தொடைவரை தொங்கியது. வாசலில் நின்ற பியூன் சிரித்தான். பெரிய சார் சின்ன சாரிடம் சொன்னார்:

"பொம்பளைக்குன்னு தனியா சைஸ் வர்றதில்லியேப்பா, என்ன பண்றது? ஆண்டவனே கொஞ்சம் பேடு வச்சுத்தானே அனுப்பியிருக்கான். அது போதாதா?"

பியூன் வாயைப் பொத்திக்கொண்டான். சின்ன சார் சிரித்தார். சத்தமில்லாமல், பல் மட்டும் தெரிகிற சிரிப்பு. அந்தப் பற்களை நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டேன் என்று இப்போது எழுதினால் பொய். அன்றைக்கு நான் பார்த்தது தரையைத்தான்.

கால் பேட் சேலைக்கு மேலே கட்டினால் நழுவியது. உள்ளே கட்டினால் இரண்டு குழாயைச் சுருட்டி வைத்த மாதிரி உப்பியது. அதைக் கட்டிக்கொண்டு குந்த முடியாது. அதற்கு வேறு வழி பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்தேன். மாஸ்க்தான் முக்கியம். முகாமில் சொல்லியிருந்தார்கள்: மாஸ்க்கைப் பார்த்து எடுக்காதே, பந்தைக் கம்பியில் அழுத்திப் பார். கம்பி நெளிந்தால் அதைப் போடாதே. தாடையில் படுகிற தோல் பட்டை முழுசாக இருக்கிறதா பார். முடிந்தால் போட்டுக்கொண்டு ஒரு பந்து வாங்கிப் பார்.

ஒன்றில் கம்பி துருப்பிடித்திருந்தது. இன்னொன்றில் தோல் பட்டையை எலி கடித்திருந்தது. மூன்றாவது புதுசு. மூன்றையும் அழுத்திப் பார்த்தேன். துருப்பிடித்ததும் பார்வைக்கு நெளியவில்லை. சின்ன சாரைப் பார்த்துச் சொன்னேன்:

"சார், பத்தடி தள்ளி நின்னு மெதுவா ஒரு பந்து போடுங்க. தாங்குதான்னு பாத்துக்கறேன்."

"அதெல்லாம் எதுக்கு டீச்சர்..." என்று அவர் இழுத்தார்.

பெரிய சார் எழுந்தார். "நீ உக்காருப்பா. நான் போடறேன்."

அறைக்கு வெளியே வேப்பமரத்தடியில் நிற்கச் சொன்னார். முதலில் துருப்பிடித்ததைப் போட்டுக்கொண்டு நின்றேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டினார். மெதுவாக எறிவார் என்று நினைத்தேன். கையைப் பின்னால் கொண்டுபோய் முழு வேகத்தில் எறிந்தார். பேஸ்பால் பந்து கிரிக்கெட் பந்து மாதிரி கல். நெற்றிக் கம்பியில் பட்டது. தலைக்குள் யாரோ தாம்பாளத்தைக் கீழே போட்ட மாதிரி இருந்தது. கம்பி உள்பக்கமாக வளைந்து என் புருவத்தைத் தொட்டு நின்றது.

"அது தாங்கலியே. அடுத்தது போடு" என்றார்.

எலி கடித்ததைப் போட்டேன். இந்தத் தடவை தாடையில். பட்டை இல்லாத இடத்தில் இரும்பு நேராக எலும்பில் இறங்கியது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். உப்புக்கரித்தது. விழுங்கினேன்.

"நகராம நிக்கிறா பாத்தியா?" என்றார் பெரிய சார். குரலில் ஒரு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தை நான் அதற்கு முன்னாலும் பார்த்திருக்கிறேன். மாட்டுக்குச் சூடு போடுகிறபோது சில பேர் முகத்தில் வரும். "ம், அடுத்தது."

மூன்றாவது தாங்கியது. மூக்குக்கு நேராக வந்த பந்து கம்பியில் பட்டுத் தெறித்து மரத்தடியில் விழுந்தது. காது இரைந்தது, வேறு ஒன்றும் ஆகவில்லை. மாஸ்க்கைக் கழற்றினேன்.

"இது போதும் சார். இதை எடுத்துக்கறேன்."

அப்போதுதான் பியூன் வாயைத் திறந்தான். அவன் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. உள்ளபடியே சந்தேகம் வந்து கேட்டான்.

"சார், மூணையும் அந்தப் புள்ள போட்டுக் கழட்டிடுச்சே. இனிமே நம்ம சாருங்க எதைப் போடுவாங்க?"

பெரிய சார் கை அந்தரத்தில் நின்றது. எறிகிற ருசியில் அவருக்கு அது தோன்றவே இல்லை. "அடுத்தது போடு, அடுத்தது போடு" என்று சொன்னது அவர்தான். தன் கையாலேயே மூன்றையும் என் முகத்தில் மாட்டிவிட்டார். இப்போது மூன்றிலும் என் வியர்வை, ஒன்றில் என் எச்சில்.

"கழுவி வைடா" என்றார் கடைசியில். "பினாயில் ஊத்திக் கழுவு."

"தோலு கெட்டுப் போயிருமே சார்."

"போனாப் போவுது."

என்னைப் பார்த்து, "அந்தப் புதுசை நீயே வச்சுக்கம்மா. திருப்பித் தர வேணாம்" என்றார். செஸ்ட் பேட்டையும் கால் பேட்டையும் அப்படியே கொடுத்துவிட்டார். ஒரு விநாடி, ஒரே ஒரு விநாடி, மனிதர் நல்லவர்தான் போலிருக்கிறது என்று நினைத்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது.

அரியலூர்க் கடைத்தெருவில் ஒரு பாய் சைக்கிள் சீட்டுக்கும் ஸ்கூட்டர் சீட்டுக்கும் உறை தைப்பார். செஸ்ட் பேட்டை அவரிடம் கொண்டுபோய்ப் போட்டேன்.

"என்னம்மா இது, குதிரைக்கா?"

"எனக்குத்தான் பாய்."

"யா அல்லா. என்ன வேலை பாக்கறே நீ?"

சொன்னேன். கேட்டுக்கொண்டார். அளவு நாடாவை என் கையில் கொடுத்து நீயே அளந்து சொல்லு என்று முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். கீழே ஒரு சாண் வெட்டி, அந்தப் பஞ்சையே எடுத்து நெஞ்சுப் பக்கம் இரட்டையாக வைத்துத் தைத்தார். தோளுக்கு ரெக்சின் பட்டை. தொண்டைக்கு நேராக மாஸ்க்கில் தொங்கவிட ஒரு நாக்கு மாதிரி தோல்துண்டு வைத்துக் கொடுத்தார். நான் கேட்கவே இல்லை. "தொண்டை தொறந்து கெடக்கேம்மா" என்றார். என் உடம்பில் எங்கே அடி படும் என்று யோசித்த ஒரே ஆண் அவர்தான். மற்றவர்கள் யோசித்தது வேறு.

கூடவே வெள்ளை டிரில் துணியில் ஒரு பேன்ட் தைக்கச் சொன்னேன். கால் பேட் கட்டிக் குந்த வேண்டுமானால் வேறு வழி இல்லை. பள்ளிக்கூடத்தில் தலைமைச் சிஸ்டரிடம் சொன்னபோது அவர் ஜெபமாலையை உருட்டுவதை நிறுத்தினார்.

"பேன்ட் போட்டுக்கிட்டு நின்னா எங்க ஸ்கூல் பேரைச் சொல்லாத. எங்கேர்ந்து வந்தேன்னு கேட்டா உன் வீட்டுலேர்ந்து வந்தேன்னு சொல்லு."

சரி சிஸ்டர் என்றேன். சாயங்காலங்களில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை நிறுத்தி வைத்து என் மேல் பந்து எறியச் சொன்னேன். முதலில் பயந்தார்கள். "வேகமாப் போடலேன்னா மைதானத்தைப் பத்து சுத்து ஓட விடுவேன்" என்று மிரட்டினேன். ஓடவும் விட்டேன். ஒருத்தி அழுதாள். அழுதுகொண்டே எறியச் சொன்னேன். ஒரு வாரத்தில் பந்து முகத்துக்கு நேராக வந்தாலும் கண் சிமிட்டாமல் நிற்கப் பழகிவிட்டேன். நெஞ்சிலும் தொடையிலும் நாவல்பழ நிறத்தில் கன்றிப்போன தடம். ஜாக்கெட் போடும்போது வலித்தது. அந்த வலி எனக்குப் பிடித்திருந்தது.

ஆட்டத்தன்று காலையில் பெரம்பலூர் மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். உள்ளூர்ப் பெரிய மனிதர்கள் முன்வரிசையில். செட்டிகுளம், ரஞ்சன்குடிப் பக்கத்திலிருந்தெல்லாம் பையன்கள் சைக்கிளில் வந்திருந்தார்கள். இந்த ஆட்டம் என்னவென்று பார்க்க வந்த கூட்டத்தைவிட, பேன்ட் போட்ட பொம்பளை அம்பயரைப் பார்க்க வந்த கூட்டம்தான் அதிகம் என்று பியூன் என்னிடமே வந்து சொன்னான். கரும்பலகையில் சாக்பீஸால் எழுதியிருந்தது: பிளேட் அம்பயர் என்ற இடத்தில் என் பெயர். ஃபர்ஸ்ட் பேஸ் அம்பயர் என்ற இடத்தில் சின்ன சார் பெயர். பந்தை அடித்தவன் முதலில் ஓடித் தொட வேண்டிய மூலைதான் ஃபர்ஸ்ட் பேஸ், பிளேட்டிலிருந்து முப்பது கெஜம்.

எல்லாக் கவசத்தையும் கட்டிக்கொண்டு வந்து நின்றேன். பெரிய சார் மேலும் கீழும் பார்த்தார். பிறகு கரும்பலகைக்குப் போய் டஸ்டரால் அழித்து இரண்டு பெயரையும் மாற்றி எழுதினார்.

"என்ன சார் இது?"

"நீ ஃபர்ஸ்ட் பேஸ்ல நில்லும்மா. அங்க நிமுந்தே நிக்கலாம்."

"நான் பிளேட்ல நிக்கணும்னு திருச்சிலேர்ந்து லெட்டரே வந்திருக்கு சார்."

"லெட்டர்ல பேன்ட்டுன்னு வந்துச்சா? பிளேட்டுக்குப் பின்னாடிதான் பந்தல். பெரிய மனுசங்க மூஞ்சிக்கு நேரா நீ குனிஞ்சுக்கிட்டு நிப்பியா? வெவஸ்தை வேணாம்?"

தேர்வாளர் பக்கத்தில்தான் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். அவரிடம் போனேன். "லோக்கல் ஏற்பாடு அவங்களோடதும்மா. பேஸ்ல நில்லுங்க. அடுத்த வருசம் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு ஸ்டிராவை மறுபடி வாயில் வைத்துக்கொண்டார்.

அடுத்த வருடம். என் அப்பா சொல்கிற "ஆகட்டுங்க" என் தொண்டைவரை வந்தது. விழுங்கிவிட்டு ஃபர்ஸ்ட் பேஸுக்கு நடந்தேன். மாஸ்க் கையிலேயே இருந்தது. யாரும் அதைக் கேட்கவில்லை.

அப்போதுதான் புரிந்தது. பிளேட்டை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். மாஸ்க்கை எடுக்க முடியவில்லை.

சின்ன சார் சொந்தமாகக் கிரிக்கெட் கால் பேட் வைத்திருந்தார். அதைக் காலில் கட்டிக்கொண்டு, சட்டைக்குள் ஒரு டர்க்கி டவலை மடித்துச் செருகிக்கொண்டு, வெறும் முகத்தோடு பிளேட்டுக்குப் பின்னால் போய் நின்றார். பினாயிலில் கழுவிய மாஸ்க் இரண்டும் அறையில் கிடந்தன. ஒன்றில் கம்பி வளைந்து போயிற்று, இன்னொன்றில் தோல் வெடித்துவிட்டது. நன்றாக இருந்தாலும் போட்டிருக்க மாட்டார். கேட்சருக்கு ஒரு மாஸ்க் இருந்தது. இரண்டு பள்ளிக்கூடத்துக்கும் சேர்த்து அது ஒன்றுதான். இந்தப் பக்கம் ஆடும்போது இவனும் அந்தப் பக்கம் ஆடும்போது அவனும் மாட்டிக்கொண்டார்கள்.

"மூஞ்சியைத் தொறந்து வச்சுக்கிட்டு நிக்கறீங்களே சார்?" என்று கேட்சர் பையன்கூடக் கேட்டான். "நீதான் முன்னாடி இருக்கியே. எல்லாத்தையும் நீயே புடிச்சுரு" என்று சிரித்தார்.

ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் இரண்டு முடிந்தது. அவர் ஒவ்வொரு பந்துக்கும் தலையைப் பின்னுக்கு இழுப்பது எனக்கு அங்கிருந்தே தெரிந்தது. தலையை இழுத்தால் பந்து எங்கே வருகிறது என்று தெரியாது. இரண்டு ஸ்டிரைக்கைப் பால் என்று சொன்னார். பையன்கள் முணுமுணுத்தார்கள்.

மூன்றாவது இன்னிங்ஸுக்கு முன்னால் எல்லோரும் தண்ணீர்ப் பானைப் பக்கம் வந்தார்கள். பானைக்குப் பின்னால் ஒரு சுவர் இருந்தது. சின்ன சார் அந்தச் சுவர் ஓரமாகத்தான் தனியாக நின்று முகத்தைத் துடைத்தார். நான் அங்கே போயிருக்கலாம். மாஸ்க்கை அவர் கையில் வைத்து, "போட்டுக்கங்க சார், யாரும் கேட்டா ஸ்கூல்து இன்னொண்ணுன்னு சொல்லுங்க" என்று சொல்லியிருக்கலாம். வாங்கியிருப்பாரோ என்னவோ. எனக்குத் தெரியாது. நான் அப்படிச் செய்யவில்லை.

அவர் பிளேட்டுக்குத் திரும்பி, பந்தலுக்கு எதிரே வந்து நிற்கும்வரை காத்திருந்தேன். பிறகு எல்லோரும் பார்க்க நடந்து போய் மாஸ்க்கை நீட்டினேன்.

"சார், இதைப் போட்டுக்கங்க."

அவர் என்னைப் பார்க்கவில்லை. பெரிய சாரைப் பார்த்தார். பெரிய சார் பந்தலில் உட்கார்ந்தபடி அவரையே பார்த்தார்.

"வேணாங்க டீச்சர். மாஸ்க் போட்டா எனக்குக் கண்ணு மறைக்குது."

"திருச்சியில மறைக்கலியே சார்?" என்றேன். மைக் வேண்டாத குரல் என்று அவரே சொல்லியிருக்கிறார். அந்தக் குரலிலேயே கேட்டேன். "என் பாட்டில்ல வாய் வச்சுக் குடிச்சீங்களே, அப்பவும் மறைக்கலியே?"

பந்தலில் யாரோ "அட" என்றார்கள். ஒரு கிழவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். சின்ன சார் முகம் சாம்பலாகிவிட்டது. அவர் அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். முன்வரிசையில் அவருடைய சித்தப்பா உட்கார்ந்திருந்தார். இனி அந்த மாஸ்க்கை அவர் தொட முடியாது. தொட்டால் பாட்டிலும் உண்மையாகிவிடும். எனக்கு அது தெரிந்தேதான் கேட்டேன். தெரியாமல் கேட்டேன் என்று ஒரு நாளும் யாரிடமும் சொன்னதில்லை.

"போய் உன் எடத்துல நில்லு" என்றார். முதல் தடவையாக என்னை ஒருமையில்.

போய் நின்றேன்.

மூன்றாவது இன்னிங்ஸ். முதல் பையன் அவுட். இரண்டாவது பையனுக்கு ஒரு பால், ஒரு ஸ்டிரைக். அதற்கு அடுத்த பந்தில் சின்ன சார் தலையைப் பின்னுக்கு இழுக்கவில்லை. நான் பேசிய பிறகு, பயப்படவில்லை என்று காட்ட வேண்டியிருந்தது அவருக்கு. நன்றாகக் குனிந்து, முகத்தைக் கேட்சரின் தோளுக்கு மேலே கொண்டுவந்து வைத்திருந்தார். முகாமில் சொல்லிக்கொடுத்த மாதிரியே. பையன் மட்டையை வீசினான். பந்து மட்டையின் மேல்விளிம்பில் உரசித் திசை மாறியது. கேட்சரின் கை அதைத் தொடவே இல்லை.

சத்தம் ஃபர்ஸ்ட் பேஸ்வரை கேட்டது. கரும்பை முழங்காலில் வைத்து முறிக்கிற சத்தம்.

அவர் அப்படியே உட்கார்ந்தார். இரண்டு கையையும் வாய்க்குக் கீழே ஏந்திக்கொண்டார், பிரசாதம் வாங்குகிற மாதிரி. கையில் பல் இருந்தது. மூக்கு ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. யாரோ ஜீப் கொண்டுவரச் சொன்னார்கள். பெரிய சார் ஓடிவந்து அவர் தலையைத் தன் வேட்டியில் சாய்த்துக்கொண்டு, "தண்ணி, தண்ணி" என்று கத்தினார். நான் ஓடவில்லை. நடந்துதான் வந்தேன்.

பிறகு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மேல்தாடை உடைந்திருந்தது. முன்பல் மூன்று போயிற்று. திருச்சியில் கம்பி கட்டினார்கள். அவர் விளையாட்டு வேலையை விட்டுவிட்டு ஆபீஸ் வேலைக்கு மாற்றிக்கொண்டு போனார். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்க்கவில்லை. ஒரு நாள் அவருடைய அம்மா அரியலூருக்கு வந்து, எங்கள் பள்ளிக்கூட கேட்டுக்கு முன்னால் நின்று மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனார். "எம்புள்ள மூஞ்சியக் கெடுத்தவ வெளங்குவாளா?" என்றார். அந்தப் பந்தை நான் எறியவில்லை, அடிக்கவில்லை. அந்த மாஸ்க்கை நீட்டியதும் நான்தான். இதையெல்லாம் அந்த அம்மாவிடம் சொல்லவில்லை. வகுப்பறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த அம்மா அதற்கு மேல் ஒன்றும் செய்யாமல் மண்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் போனார். பாவம் என்று தோன்றியது. யார் பாவம் என்று எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை.

ஜீப் போனது. ஆட்டம் பாதியில் நின்றது. முன்வரிசையில் இருந்தவர்கள் முடிவு தெரியாமல் எழுந்திருக்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். பெரிய சாரின் வேட்டி முன்பக்கம் முழுக்க ரத்தம். தேர்வாளர் அவரிடம் கேட்டார்:

"வேற அம்பயர் யாரு இருக்கா?"

பெரிய சார் ரத்தம் பட்ட வேட்டியை உதறிக் கட்டினார்.

"நீங்க நிக்கறீங்களா?"

பெரிய சார் தரையில் கிடந்த பல்லைப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த மாஸ்க்கைப் பார்த்தார். அந்தப் பார்வை கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. அவருக்கு அது வேண்டியிருந்தது என்று எனக்குத் தெரிந்தது. அவர் வாயைத் திறந்து கேட்கட்டும் என்று நானும் நின்றேன். கேட்கவில்லை. பந்தலுக்குத் திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப நீங்களே வாங்கம்மா" என்றார் தேர்வாளர்.

செஸ்ட் பேட்டை இறுக்கினேன். பாக்கெட்டிலிருந்து சின்ன பிரஷ்ஷை எடுத்தேன். பிளேட்டைச் சுத்தம் செய்யும்போது அம்பயர் மைதானத்துக்கு முதுகைக் காட்டி, பார்வையாளர்களைப் பார்த்துத்தான் குனிய வேண்டும். அது விதி. பெரிய மனிதர்கள் மூஞ்சிக்கு நேராகவே குனிந்தேன். ரத்தத்தின் மேல் மண்ணைத் தள்ளினேன். போகவில்லை, சேறாகிவிட்டது. இன்னும் கொஞ்சம் மண் தள்ளினேன். வெள்ளைப் பிளேட் சிவப்பாக இருந்தாலும் ஓரம் தெரிந்தால் போதும்.

எழுந்து பின்னால் போய் நின்றேன். மட்டைக்காரப் பையனுக்குப் பதினாறு வயது இருக்கும்.

"டீச்சர், நான் வேணும்னு அடிக்கல டீச்சர்."

"தெரியும்டா."

"சாருக்கு ஒண்ணும் ஆவாதுல்ல?"

"உன் எடத்துல நில்லு."

கணக்கு எவ்வளவு என்று எறிகிறவன் கேட்டான். யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரியும். மட்டையில் உரசிக் கேட்சர் கைக்குப் போகாத பந்து ஃபவுல். ஒரு ஸ்டிரைக் இருக்கும்போது ஃபவுல் விழுந்தால் அது இரண்டாவது ஸ்டிரைக். யார் மூஞ்சி உடைந்தாலும் அது மாறாது.

"ஃபவுல்" என்று கத்தினேன். "ஒரு பால், ரெண்டு ஸ்டிரைக். பிளே."

மாஸ்க்கைப் போட்டுக்கொண்டேன். குனிந்தேன். பந்து வந்தது, நடுவில், முழங்காலுக்கு ஒரு சாண் மேலே. பையன் மட்டையைத் தூக்கவே இல்லை. அழுதுகொண்டிருந்தான். கண் தெரிந்திருக்காது.

ஸ்டிரைக் மூன்று. அவன் அவுட் என்று அந்த ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன். பையன் மட்டையைக் கீழே போட்டுவிட்டு நடந்தான். யாரும் எதிர்த்துக் கேட்கவில்லை.